போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு 2.8: கர்ப்ப காலத்தில் என்ன செய்வது?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. எனக்கு இது ஐந்தாம் மாதம். சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.2தான் இருக்கிறது என்று செவிலியர் சொல்கிறார். மூத்த மகளுக்கு 8 வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. வீட்டுப் போர்வெல் 620 அடி. தண்ணீரைப் பரிசோதித்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1150 என்று வந்தது. ஒகேனக்கல் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வருகிறது. "நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் போய்விடும்" என்கிறார் மாமியார். அவருக்கே இரண்டு வருடமாக இடுப்பும் கழுத்தும் திரும்பவில்லை. ஆர்ஓ சுத்திகரிப்பான் போடலாமா? தாய்ப்பாலில் இது இறங்குமா? பிறக்கப்போகும் குழந்தையின் பல்லும் இப்படி ஆகுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாய்ப்பால் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொடுங்கள். தாய் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகத்தான் இறங்கும். உங்கள் வீட்டில் கிடைக்கும் பானங்களிலேயே ஃபுளோரைடு மிகக் குறைந்தது தாய்ப்பால்தான். ஆபத்து புட்டிப்பாலில் இருக்கிறது. நான்கு மாதக் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் குடிக்கும். பால்பவுடரை உங்கள் போர்வெல் தண்ணீரில் கலக்கினால் அதில் மட்டும் 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போகும். ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதுபோல மூன்று மடங்கு! ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வெயில் காலமாக இருந்தாலும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம்.

பிறக்கப்போகும் குழந்தையின் பல்லைக் காப்பாற்ற முடியும். அதற்கான காலம் இனிமேல்தான் தொடங்குகிறது. நிரந்தர முன்பற்களின் எனாமல், ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே, பிறந்த பிறகு முதல் சில ஆண்டுகளில் உருவாகிறது. இரண்டு, மூன்று வயதை ஒட்டிய மாதங்கள் மிக முக்கியமானவை. அப்போது குடித்த தண்ணீரின் அடையாளம்தான் ஆறேழு வயதில் பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ தெரிகிறது. உங்கள் மகளின் பல்லில் இன்று தெரிவது ஐந்தாறு வருடத்துக்கு முன் நடந்தது. எட்டு வயதுக்கு மேல், கடைவாயில் கடைசியாக வரும் ஞானப்பல்லைத் தவிர, எந்தப் பல்லிலும் புதிதாக இந்தக் கறை வராது. எலும்பு அப்படியில்லை. அது வளர்ந்து முடிந்த பிறகும் ஃபுளோரைடைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இனி 2.8 என்ற எண்ணைப் பார்ப்போம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். தர்மபுரி வெயிலில் ஒருவர் 3 லிட்டர் குடித்தால் தண்ணீரில் மட்டும் 8.4 மில்லிகிராம் சேர்கிறது. சமையலில் சேர்வது இதற்கு மேல். ஃபுளோரைடு நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 1.5க்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியுடன் சொல்கிறது. இது மக்கள்தொகை அளவில் கண்ட தொடர்பு. இதை வைத்து ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் தீர்மானிக்க முடியாது, நீங்கள் பயந்து தூக்கம் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் தண்ணீரை மாற்றுவதைப் பிரசவம்வரை தள்ளிப்போடக் கூடாது. இந்த வாரமே மாற்றுங்கள்.

இது யாரோ கொட்டிய கழிவால் வந்ததல்ல. நம் மாவட்டத்தின் அடிப்பாறை கருங்கல்லும் நீஸும். அந்தப் பாறையில் இருக்கும் அபடைட், கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்டு ஆகிய கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. ஆழத்துப் பாறை வெடிப்பில் நெடுங்காலம் தேங்கும் தண்ணீர் அதைக் கரைக்கிறது. தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். சோடியம் பைகார்பனேட் மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்த தண்ணீரில் அப்படிப் படியாது, கரைந்தபடியே மேலே வரும். கிணறுகள் வற்றி, நாம் ஆழமாகத் துளை போடப் போட இந்தத் தண்ணீரைத்தான் அதிகம் இறைக்கிறோம். இதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, சுவையும் காட்டிக்கொடுக்காது. பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் 0.9 இருக்கலாம், அதற்கடுத்ததில் 4 இருக்கலாம். ஒவ்வொரு போர்வெல்லையும் தனித்தனியாகத்தான் பரிசோதிக்க வேண்டும்.

மாமியார் சொல்வதைப் பணிவாக மறுத்துவிடுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு ஆவியாகாது. 10 லிட்டர் போர்வெல் தண்ணீரில் இருப்பது 28 மில்லிகிராம். கொதித்துச் சுண்டி 8 லிட்டரானால் அதே 28 மில்லிகிராம் 8 லிட்டரில் இருக்கும், அதாவது லிட்டருக்கு 3.5. காய்ச்சக் காய்ச்ச மோசமாகிறது. துணியில் வடிகட்டுவது, கேண்டில் ஃபில்டர், புற ஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்பான், செம்புக் குடம் இவற்றுக்கும் ஃபுளோரைடு மசியாது. ஒகேனக்கல் தண்ணீரை மூன்று நாள் பிடித்து வைத்துக் குடிப்பீர்கள் அல்லவா, அதைக் காய்ச்சுவதுதான் சரி. அங்கே பிரச்சினை கிருமி.

எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும்? பலர் இதைக் கணக்குப் போடாமலே மலைத்துப்போகிறார்கள். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக் கொட்டகை கழுவப் போர்வெல் தண்ணீர் போதும், தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். மூன்று நாளைக்கு 75 லிட்டர். ஒரு நாள் தண்ணீர் வராமல் போனாலும் தாங்க 100 லிட்டர் சேமித்தால் நிம்மதி. மூடியும் அடியில் குழாயும் உள்ள, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். சொம்பு விட்டு மொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் காலியான பிறகு தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். தக்காளித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்து கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது. பூச்சிமருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். கேனைத் துளையிட்டு ஒழித்துவிடுங்கள்.

சமையலையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலோர் குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீரை ஒதுக்கி வைத்து, களிக்கும் குழம்புக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஒரு டம்ளர் ராகி மாவுக்கு இரண்டரை மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கிண்டுகிறோம். வடிக்காததால் அத்தனையும் களிக்குள்ளேயே நிற்கிறது. 600 மில்லி தண்ணீர் என்றால் அந்தக் களியில் 1.7 மில்லிகிராம் ஃபுளோரைடு. பருப்பு, ரசம், டீ, கூழ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ராகியை மட்டும் குறைக்காதீர்கள். 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. உணவில் சுண்ணாம்புச்சத்து இருந்தால் ஃபுளோரைடு உடலில் சேர்வது குறையும். மாவு அப்படியே இருக்கட்டும், கிண்டும் தண்ணீரை மாற்றுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் காவிரி ஆற்று நீர். ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ் நோயைக் குறைப்பதற்காகவே ஜப்பான் கடனுதவியில் தீட்டி, 2013இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் திறந்த திட்டம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரத்து குறையும் நாட்களில் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். தெருக்குழாயில் வருவதாலேயே அது முழுக்க ஆற்று நீர் என்று எண்ணிவிட முடியாது. 0.4 உள்ள தண்ணீரும் 2.8 உள்ள தண்ணீரும் சரிபாதி கலந்தால் 1.6. வரம்பு தாண்டிவிட்டது. டேங்க் ஆபரேட்டரிடம் எந்த நாளில் எந்தத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் சிறு டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினால் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அது ஃபுளோரைடை அளக்காது, கலப்பைக் காட்டும். உங்கள் போர்வெல் 1150. ஆற்று நீர் மட்டும் வருகிற நாளில் குழாயில் உதாரணத்துக்கு 300 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 700 காட்டினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது என்று பொருள். அன்று பிடிப்பதைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தெருக்குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. பிடிக்கும் முறை முக்கியம். புது பிளாஸ்டிக் கேன் எடுங்கள், கண்ணாடி வேண்டாம். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். ஊர், எந்த நீராதாரம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். போர்வெல்லைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பார்ப்பது நல்லது, அளவு மாறும். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தால் முதல் சோதனையை அவர்களிடமே செய்துகொள்ளலாம். அது நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்வது, தோராயமானது. முடிவு எடுக்க ஆய்வக எண் வேண்டும்.

ஆர்ஓ வேலை செய்யும். மூன்று நாள் இடைவெளியில் வரும் தண்ணீரைச் சேமிக்க முடியாவிட்டாலோ, கலப்பு தெரிந்தாலோ போடுங்கள். அதன் உள்ளே இருக்கும் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு நல்லதாக இருந்தால் ஃபுளோரைடில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுக்கும், 2.8 என்பது 0.3 அளவுக்கு இறங்கிவிடும். கெடுப்பது வேறொன்று. பல இயந்திரங்களில் சுவைக்காக டிடிஎஸ் சரிசெய்யும் வால்வு ஒன்று இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தத் தண்ணீரோடு கலந்து அனுப்புகிறது. பொருத்த வருபவர் "தண்ணி சப்பென்று இருக்கு" என்று அதைத் திறந்துவிட்டுப் போவார். 30 சதவீதம் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஃபுளோரைடு மறுபடி 1.0ஐத் தாண்டிவிடும். அந்த வால்வை முழுவதும் மூடச் சொல்லுங்கள், மூடிய பிறகு வரும் தண்ணீரை ஆய்வகத்தில் ஒருமுறை காட்டுங்கள். புதிதில் டிடிஎஸ் எவ்வளவு வருகிறது என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அது இரண்டு மடங்காக ஏறினால் மெம்பிரேன் போய்விட்டது. முதல் வடிகட்டிகளை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றாவிட்டால் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மூன்று லிட்டர் விட்டால் ஒரு லிட்டர்தான் நல்லது, இரண்டு லிட்டர் கழிவு. அந்தக் கழிவில் ஃபுளோரைடு 4 வரை இருக்கும். மாட்டுக்குக் காட்டாதீர்கள், மாட்டுக்கும் பல்லும் மூட்டும் கெடும். கழிவறைக்கும் தரை கழுவவும் ஊற்றுங்கள்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை பற்றி யாராவது சொல்லலாம். ஆள் போட்டு, அளந்து, ஊருக்குச் செய்யும்போது அது பயன்படும். தண்ணீரின் காரத்தன்மைக்கேற்ப அளவு மாறுவதாலும் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடக்கூடும் என்பதாலும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குடத்துக்குக் குடம் செய்து பார்க்க நான் சொல்லமாட்டேன்.

காங்கிரீட் மாடி இருந்தால் மழைநீரை மறக்காதீர்கள், அதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. தர்மபுரியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 40 சதுர மீட்டர் மாடியில் வீணாவது போக 27,000 லிட்டர் கிடைக்கும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்தால் நாளைக்கு 25 லிட்டர் வீதம் 200 நாள் வரும். ஒவ்வொரு மழையிலும் முதல் 80 லிட்டரை வெளியே விட்டுவிட்டு, துணியும் மணலும் வைத்து வடிகட்டித் தொட்டிக்கு விடுங்கள். வெளிச்சம் புகாத மூடி வேண்டும். குடிக்குமுன் காய்ச்சுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீர் வேண்டாம்.

உங்கள் ரத்த அளவுக்கு வருகிறேன். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே ரத்தசோகை, 9.2 மிதமான நிலை. மாத்திரை சாப்பிட்டும் ஏறாததற்கு ஃபுளோரைடும் ஒரு காரணமாக இருக்கலாம். குடலின் உள்சுவரைப் பாதித்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பது ஃபுளோரோசிஸ் ஆய்வாளர் ஏ.கே. சுசீலாவின் குழு சொல்வது. டெல்லியில் கர்ப்பிணிகளின் தண்ணீரிலும் உணவிலும் ஃபுளோரைடைக் குறைத்து, சத்துணவையும் கூட்டியபோது ரத்த அளவும் குழந்தையின் பிறப்பு எடையும் கூடியதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. பெரும்பாலும் மாத்திரை போடும் நேரத்தில்தான் தவறு நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின் சுண்ணாம்புச்சத்து. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, எலுமிச்சை சாற்றோடு. டீ அதற்கு முன்னும் பின்னும் வேண்டாம். டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு, அதன் துவர்ப்பு இரும்பையும் தடுக்கும். ஒரு வேளைக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது. பாக்கும் கருப்பு உப்பும் விட்டுவிடுங்கள், அவற்றிலும் ஃபுளோரைடு அதிகம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இந்த அளவில் இரும்பு மாத்திரையை நாளொன்றுக்கு இரண்டாக உயர்த்துவது அரசு வழிகாட்டுதலில் உள்ள முறை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் 9.2ஐயும் தண்ணீர் அறிக்கையையும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள், நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லையென்றால் தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களுக்கான பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். 7க்குக் கீழே போனால் காத்திருக்காமல் மருத்துவமனை. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கொள்ளு, நிலக்கடலை, முட்டை, தயிர், கூடவே தினம் ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து அங்கன்வாடி சத்துமாவும் ராகிக் கூழும் தொடங்கும்போதுதான் வீடுகள் கவனம் தவறுகின்றன. கஞ்சி காய்ச்சும் தண்ணீர் டிரம்மிலிருந்து வரவேண்டும். பல் தேய்க்கும் வயதில் மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். தண்ணீர் பிரச்சினை தீரும்வரை சிறு பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கினால் தவறில்லை.

மகளின் பல்லை அடுப்புக்கரி, செங்கல்பொடி, உப்பு போட்டுத் தேய்த்துக் கறையை எடுக்கப் பார்க்காதீர்கள், எனாமல்தான் தேயும். லேசான கறையைப் பல் மருத்துவர் மேற்பரப்பை மெருகேற்றிக் குறைக்கலாம், ஆழமானதைப் பல் நிறப் பூச்சால் மறைக்கலாம். அவசரமில்லை, பற்கள் முழுதாக வளரட்டும். அவள் சிரிக்க வெட்கப்படுகிறாளா என்று மட்டும் பாருங்கள். அது உங்கள் தவறும் இல்லை, அவள் பல் தேய்க்காததால் வந்ததும் இல்லை என்று அவளுக்குப் புரியச் சொல்லுங்கள். பள்ளிக்கு வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். சத்துணவு சமைக்கும் தண்ணீர் எது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

மாமியாரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முதுகெலும்போடு முன்கையையும் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் எலும்பு ஃபுளோரோசிஸ் என்பதற்கு வலுவான அடையாளம். இறுகிய எலும்பு பழையபடி ஆகாது, தண்ணீர் மாறினால் மேலும் இறுகுவது மட்டுப்படும், வலியும் பலருக்குக் குறைகிறது. கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடவேண்டாம். கால் மரத்துப்போனாலோ நடை தள்ளாடினாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ முதுகுத் தண்டு அழுந்துகிறது என்று பொருள், அன்றே காட்ட வேண்டும்.

உங்கள் தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே தண்ணீர்தான் ஓடுகிறது. அடுத்த கிராம சபைக்கு ஆய்வக அறிக்கையின் நகலோடு போங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மேல்நிலைத் தொட்டியில் கலப்பதை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் போர்வெல் தண்ணீருக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வேண்டும், ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளும் நேரமும் பலகையில் எழுதப்பட வேண்டும், ஊரின் எல்லாப் போர்வெல்களின் ஃபுளோரைடு அளவும் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இவற்றைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.